எச்.சி.ஐ. முதுகலை படிக்கப் போகிறவர்களுக்கு

என் அப்பா அஞ்சல் அலுவலகத்தில் 34 ஆண்டு வேலை பார்த்தவர். மணியார்டர் கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. அவரால் ஒரு செயலியில் மின்கட்டணம் கட்ட முடியவில்லை. ஓடிபி வந்ததும் குறுஞ்செய்தியைத் திறப்பார், ஆறு எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்வார். திரும்பி வருவதற்குள் செயலி முதல் பக்கத்துக்குப் போயிருக்கும். மூன்றாவது தடவை போனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு மூளை மழுங்கிப்போச்சும்மா" என்றார். அப்போது நான் சென்னையில் நான்காவது ஆண்டாக இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். துண்டுத்தாளில் எண்ணை எழுதிக்கொள்ளும் ஒரு மனிதரைக்கூட அந்தச் செயலியைக் கட்டியவர்கள் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. நானும் அதுவரை யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த உறுத்தலோடுதான் லண்டனில் ஓராண்டு மனித–கணினி இடைவினை முதுகலை படிக்கப் போனேன். படிப்பவர்கள் எல்லோரும் எச்.சி.ஐ. என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். மாதம் இரண்டு மூன்று பேராவது "அக்கா, இதற்கு எப்படித் தயாராவது?" என்று கேட்கிறார்கள். பாதிப் பேர் கல்லூரி இறுதியாண்டு, மீதிப் பேர் ஐ.டி. வேலையில் சில ஆண்டு ஓட்டியவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எந்தப் படிப்பு, எங்கே

திரை வரையக் கற்பதற்காக என்றால் இந்தப் படிப்புக்குப் போக வேண்டாம். திரை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவை இரண்டு மூன்று வாரத்தில் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். ஒரு மனிதர் ஒரு கருவியை வைத்துக்கொண்டு உண்மையில் என்ன செய்கிறார் என்று பொறுமையாகப் பார்ப்பதற்கும், பார்த்ததை அடுத்தவர் ஏற்கும்படி நிறுவுவதற்கும்தான் இங்கே பயிற்சி. அதில் உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

ஒரே பெயரில் மூன்று வகைப் படிப்புகள் இருக்கின்றன. இந்தியாவில் பெரும்பாலும் வடிவமைப்புப் பள்ளி வழி. பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி. 1969இல் தொடங்கியது. அங்கே எம்.டெஸ். என்ற இரண்டாண்டு வடிவமைப்பு முதுகலைப் படிப்பில் இன்டராக்‌ஷன் டிசைன் என்று தனிப் பிரிவு உண்டு. அதற்கான சி.இ.இ.டி. நுழைவுத் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும். தேர்வின் இரண்டாம் பகுதியில் கையால் வரைய வேண்டும். என்ஜினியரிங் பிள்ளைகள் தயங்குவது அங்கேதான். தினம் அரை மணி நேரம் குக்கரையும் தையல் மெஷினையும் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஆளையும் வரைந்து பாருங்கள், ஆறு மாதத்தில் கை பழகிவிடும். குவாஹாட்டி ஐ.ஐ.டி.யும் இதே தேர்வு வழியாக எம்.டெஸ். சேர்க்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1994இல் எச்.சி.ஐ.க்கென்றே தனி நிறுவனம் அமைத்தது. அங்கே முதுகலை மாணவர்கள் ஒரு தொழில் நிறுவனத்தின் உண்மையான சிக்கலைக் குழுவாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் வேலை செய்வார்கள். அதைக் கேப்ஸ்டோன் என்கிறார்கள். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு. கணினியியல், உளவியல், தொழில்வடிவமைப்பு, டிஜிட்டல் மீடியா ஆகிய நான்கில் ஒன்றின் வழியாக நுழையலாம். நடுவில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு இடம் இருக்கிறது.

பிரிட்டனில் ஓராண்டில் 180 கிரெடிட்டையும் முடிக்க வேண்டும். கோடை முழுக்கத் தனியாக ஓர் ஆய்வு. லண்டனின் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தில் உளவியலும் கணினியியலும் கைகோத்து நடத்தும் எச்.சி.ஐ. மையம் இந்த வழிக்கு நல்ல உதாரணம். ஓராண்டு என்பதால் வாடகையும் சாப்பாடும் ஓராண்டுக்குத்தான். ஆனால் மூச்சுவிட நேரம் இருக்காது, இன்டர்ன்ஷிப் செய்து கையை நனைத்துப் பார்க்கவும் வாய்ப்பு குறைவு. வேலை மாறுவதுதான் நோக்கம் என்றால் கேப்ஸ்டோனோ இன்டர்ன்ஷிப்போ உள்ள இடமே நல்லது என்பது என் கருத்து. ஆய்வில் மனம் இருந்தால், பின்னால் பிஎச்.டி. யோசனையும் இருந்தால், தனி ஆய்வேடு கேட்கும் இடத்துக்குப் போங்கள்.

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாடத்திட்டத்தைத் திறந்து, ஆய்வு முறைகள் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்று பாருங்கள். அப்புறம் அந்த ஆசிரியர்கள் கடந்த மூன்று ஆண்டில் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். இந்தத் துறையின் பெரிய மாநாட்டுக்குச் சி.எச்.ஐ. என்று பெயர், வாயால் சொல்லும்போது 'கை' என்பார்கள். 2024இல் ஹொனலுலுவிலும் 2025இல் யோகஹாமாவிலும் நடந்தது. பலரும் தங்கள் கட்டுரையைச் சொந்தப் பக்கத்தில் இலவசமாக வைத்திருப்பார்கள். ஓர் ஆசிரியரின் கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து முடிக்க உங்களுக்கு ஆசை வரவில்லை என்றால், அந்த ஊருக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன் இன்னொரு தடவை யோசியுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நான் சேமிப்பும் கல்விக்கடனும் போட்டுப் போனேன். பிரிட்டன் என்றால் அந்நாட்டு அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு அவசியம் விண்ணப்பியுங்கள். குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு சின்ன வேலை

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரையை எஸ்.ஓ.பி. என்பார்கள். எனக்கு வரும் எஸ்.ஓ.பி. வரைவுகளில் பத்துக்கு எட்டு "சிறு வயதிலிருந்தே எனக்குத் தொழில்நுட்பத்தில் ஆர்வம்" என்றுதான் தொடங்குகின்றன. அதை எடுத்துவிட்டு, நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். பார்த்ததே இல்லையென்றால் அடுத்த வாரமே பாருங்கள், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

நான் செய்தது இதுதான். எங்கள் அடுக்ககத்தில் ஆறு பேரிடம் அவரவர் போனில், அவரவர் கணக்கில், வழக்கமாகக் கட்டும் ஒரு பில்லைக் கட்டச் சொன்னேன். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன், ரகசிய எண் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். உதவி செய்யவில்லை. அந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம், விரல் துடிக்கும். ஆறில் நான்கு பேர் ஓடிபியைத் தாளில் எழுதினார்கள் அல்லது சத்தமாகச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். அப்பா தனி ஆள் இல்லை என்று அன்றைக்குத்தான் கையில் சான்று கிடைத்தது. என் எஸ்.ஓ.பி.யின் முதல் பத்தி அந்தத் துண்டுத்தாள். இரண்டாவது பத்தி இந்த ஆறு பேர். மூன்றாவதில் எனக்கு என்ன தெரியவில்லை, அதை அந்தப் படிப்பில் எந்தப் பாடம் தரும் என்று எழுதினேன்.

ஐந்தாறு பேர் போதுமா என்று கேட்பீர்கள். நீல்சன், லாண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு குறை ஒரு பயனரின் கண்ணில் படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும். கவனியுங்கள், இது குறை கண்டுபிடிப்பதற்கான கணக்கு. இரண்டு வடிவமைப்பில் எது மேல் என்று சொல்ல ஐந்து பேரை வைத்துக்கொண்டு வாய் திறக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை விண்ணப்பத்திலேயே ஒரு வரியில் காட்டினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

முதல் பருவம்

போனதும் படிக்கக் குவியும். வாரத்துக்கு ஐந்தாறு கட்டுரை. எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முயன்று முதல் மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். பின்பு மூன்று கேள்விகளோடு படிக்கப் பழகினேன்: இவர்கள் யாரைப் பார்த்தார்கள், எதை அளந்தார்கள், அந்த அளவு இவர்கள் சொல்லும் முடிவைத் தாங்குகிறதா?

பழையவற்றைத் தவிர்க்காதீர்கள். பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் செய்த சோதனையில் கணினியே கிடையாது. ஓர் உலோகக் குச்சியால் இரண்டு தகடுகளை மாறி மாறித் தட்டச் சொன்னார். தகடு தூரமாகவும் குறுகலாகவும் ஆக ஆக நேரம் எப்படிக் கூடுகிறது என்பதை ஒரு சூத்திரத்தில் அடக்கினார். 1978இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' ஆய்வுக்கூடத்தில் அதே சூத்திரம் மவுஸுக்கும் பொருந்துவதைக் காட்டினார்கள். உங்கள் கட்டைவிரல் எட்டாத மூலையில் சின்னதாக ஒரு பொத்தான் இருந்தால் ஏன் தப்புகிறது என்பதற்கு இன்றும் அதுதான் விளக்கம். அதோடு லூசி சச்மன் 1987இல் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள். நகல் எடுக்கும் இயந்திரம் ஒன்றின் முன் இரண்டிரண்டு பேரை நிறுத்தி, அவர்கள் தடுமாறுவதைப் படம்பிடித்துப் பார்த்தவர் அவர். மனிதர்கள் ஒரு திட்டப்படி நடப்பார்கள் என்று இயந்திரம் எதிர்பார்க்கிறது, மனிதர்களோ அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதை வைத்துச் செயல்படுகிறார்கள். என் அப்பாவின் துண்டுத்தாளுக்கு விளக்கம் கிடைத்தது இதைப் படித்த இரவில்தான்.

புள்ளியியலை ஊரிலேயே தொடங்கிவிடுங்கள். சராசரி, திட்ட விலக்கம், இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் வரை தெரிந்தால் போதும். கூடவே, எல்லாரும் எல்லாவற்றையும் செய்து பார்க்கும் சோதனைக்கும், ஆளுக்கு ஒன்று மட்டும் செய்யும் சோதனைக்கும் என்ன வேறுபாடு என்று புரிந்துகொள்ளுங்கள். முதல் வகையில் பாதிப் பேர் அ என்ற வடிவமைப்பிலும் பாதிப் பேர் ஆ என்ற வடிவமைப்பிலும் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்கத்தினால் வந்த வேகத்தை வடிவமைப்பின் வெற்றி என்று எண்ணிவிடுவோம்.

ஒரு கருவி பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க எஸ்.யூ.எஸ். என்றொரு பத்துக் கேள்வித் தாள் உண்டு, ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணைப் பதிலாகத் தருவார்கள். ஒற்றைப்படைக் கேள்விகள் நல்லவிதமாக இருக்கும், இரட்டைப்படைக் கேள்விகள் குறை சொல்லும். ஒற்றைப்படையில் பதிலிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5இலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 100க்குள் ஒரு மதிப்பெண். இதைச் சதவீதம் என்று எழுதாதீர்கள். சராசரியாக வருவதே 68தான், ஆக 65 என்பது கொஞ்சம் சுமார் என்றுதான் பொருள்.

கோடை ஆய்வு

என் ஆய்வை நான் தேர்ந்தெடுத்தது ஈஸ்ட் ஹாமில் காய்கறி வாங்கப் போன இடத்தில். ஒரு பெரியவர் கடை ஓரமாக நின்று கனடாவில் இருக்கும் பேரனுக்கு ஏதோ அனுப்பப் பார்த்து, முடியாமல், கடைசியில் போன் போட்டுப் பேசினார். லண்டனில் வயதான ஈழத்தமிழர்கள் போனில் தமிழ் எழுதுவது எப்படி என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

என் வழிகாட்டி முதல் சந்திப்பிலேயே கேட்டார்: "எப்படி என்றால் என்ன? வேகமா, பிழையா, மனநிலையா?" மூன்று வாரம் அந்தக் கேள்வியைச் செதுக்கினேன். கடைசியில் வந்தது: 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் தமிழ் எழுத்து விசைப்பலகையில் எழுதும்போதும் குரலால் சொல்லி எழுதும்போதும் பிழையை எப்படிக் கண்டுபிடித்துத் திருத்துகிறார்கள்? கேள்வி ஒரே வரியில் அடங்கி, அதற்குள் யார், எதைக்கொண்டு, என்ன செய்கிறார்கள் என்ற மூன்றும் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். மூன்று வாரம் வீண் என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. உண்மையில் மொத்தக் கோடையையும் காப்பாற்றியது அந்த மூன்று வாரம்தான்.

அளவுகோலில் ஒரு சிக்கல் வந்தது. தட்டச்சு வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று சொல்வார்கள், அதில் ஒரு 'சொல்' என்பது இடைவெளியையும் சேர்த்து ஐந்து எழுத்து. ஆங்கிலத்துக்காக வைத்த கணக்கு. நமக்குக் 'கோவில்' என்பது கோ, வி, ல் என்று மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் எண்ணினால் க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று ஆறு. ஒரே ஆள், ஒரே வேகம், எண்ணும் முறையை மாற்றினால் விடை இரட்டிப்பாகிறது. நான் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணினேன், ஏன் என்று ஒரு பக்கம் விளக்கினேன். வெளித்தேர்வாளர் பாராட்டியது அந்தப் பக்கத்தைத்தான். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படி யாரும் தீர்க்காத இடங்கள் ஏராளம், அவற்றைத் தடங்கல் என்று சுற்றிப் போகாமல் ஆய்வின் பகுதியாகவே எழுதுங்கள். பம்பாய் ஐ.டி.சி.யில் இந்திய மொழிகளுக்காக ஸ்வரசக்ரா என்று ஒரு விசைப்பலகையே செய்தார்கள். அதுபோன்ற வேலைகளைத் தேடிப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மனிதர்களை வைத்துச் செய்யும் எதற்கும் பல்கலைக்கழக எதிக்ஸ் (ஆய்வு நெறிமுறை) குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு மாதம் போய்விடும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். தகவல் தாள், ஒப்புதல் படிவம், ஒலிப்பதிவை எங்கே எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்ற விவரம், எந்தக் காரணமும் சொல்லாமல் பாதியில் விலகலாம் என்ற உறுதி எல்லாம் தமிழிலும் இருக்க வேண்டும். நான் எழுதிய படிவத்தை ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். 'புரிந்ததா' என்று இருந்த இடமெல்லாம் 'விளங்கியதா' என்று மாறியது. கையெழுத்துப் போடச் சிலர் தயங்கினார்கள். காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுப்பது அவர்களுக்குச் சாதாரண விஷயம் அல்ல என்று அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வாய்மொழி ஒப்புதலைப் பதிவுசெய்யலாமா என்று குழுவிடம் மறுபடி விண்ணப்பித்தேன், ஒத்துக்கொண்டார்கள். இதை முதல் விண்ணப்பத்திலேயே கேட்டிருந்தால் பத்து நாள் மிச்சம்.

பைலட், அதாவது ஒத்திகை, செய்யாமல் ஒருவரைக்கூட அழைக்காதீர்கள். நான் இருந்த வீட்டு அம்மாவை வைத்து ஒத்திகை பார்த்தேன். 30 நிமிடம் என்று நினைத்தது 70 நிமிடம் ஓடியது. செய்தித்தாளிலிருந்து எடுத்த 20 வாக்கியங்களைக் கொடுத்திருந்தேன். "இப்பிடி ஆர் பிள்ளை எழுதுவினம்?" என்று கேட்டார். அன்றிரவே எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு, அவரோடு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அனுப்பும் செய்திகள் போன்ற எட்டு வாக்கியம் எழுதினேன். 'நாளைக்கு வரேக்க மருந்தும் வாங்கிக்கொண்டு வா' அதில் ஒன்று.

ஆள் சேர்ப்பதற்கு விளம்பரத் தாள் ஒட்டினேன், ஒருவரும் வரவில்லை. வாரம் ஒருமுறை முதியோர் கூடும் மண்டபத்தில் இரண்டு வாரம் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், பாத்திரம் கழுவினேன். மூன்றாவது வாரம் அவர்களே கேட்டார்கள், "பிள்ளை, நீ என்ன படிக்கிறாய்?" பன்னிரண்டு பேர் கிடைத்தார்கள்.

உட்கார்ந்து செய்யும்போது வந்த பெரிய ஆபத்து, அவர்களுடைய அன்பு. எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு பிள்ளை". நான் படித்துப் பாஸாக வேண்டுமே என்ற அக்கறை. இதை ஏற்கெனவே அளந்திருக்கிறார்கள். நிக்கோலா டெல்லும் சிலரும் பெங்களூரில் செய்து 2012இல் சி.எச்.ஐ.யில் வெளியிட்ட ஆய்வில், கேள்வி கேட்பவரே உருவாக்கியது என்று நம்பிய கருவியை மக்கள் 2.5 மடங்கு அதிகமாக விரும்பினார்கள். கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வரும் வெளிநாட்டவர் என்றால் 5 மடங்கு. ஆகவே, நீங்களே செய்ததாக இருந்தாலும் எதையும் 'என்னுடையது' என்று சொல்லாதீர்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்காமல், "இங்கே என்ன நடந்தது என்று சொல்லுங்கோ" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எட்டாவது எண்ணில்தான் பல நேரம் உண்மை வரும். ஓர் ஐயா அப்படித்தான், வெகுநேரம் திரையையே பார்த்துவிட்டு, "இது சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் விளங்கேல்லை" என்றார். அப்பா சொன்னதையே வேறு தமிழில் கேட்டேன். இந்த மாதிரி வாக்கியம் காதில் விழுந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தன்னைத் தானே குறை சொல்லும் அந்த நொடிக்குச் சற்று முன்புதான் திரை எதையோ மறைத்திருக்கும்.

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. பேச்சைத் 'திருத்தி' எழுதாதீர்கள். பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளுக்குப் பெயரிட்டுத் தொகுப்பதைக் குறியீடு போடுவது என்பார்கள். அதற்குப் பிரவுன், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் 2006இல் விளக்கிய ஆறு கட்ட முறையைப் பின்பற்றினேன். தமிழிலேயே குறியீடு போட்டேன், ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் வரிகளை மட்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தைப் பக்கத்திலேயே வைத்தேன். வேகத்தில் குரல் வழி முந்தியது. ஆனால் குரலில் ஒரு சொல் தப்பாக விழுந்தால் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் முழு வாக்கியத்தையும் அழித்துவிட்டு மறுபடி சொன்னார்கள், இரண்டாம் தடவை இன்னும் உரக்க, இன்னும் மெதுவாக. சிலர் வீட்டில் பேசும் தமிழை விட்டுவிட்டு வானொலித் தமிழில் பேசத் தொடங்கினார்கள். நான் தேடிப் போகாத விஷயம் இது. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுக்க இதுதான் ஆனது.

சமர்ப்பித்துவிட்டோம் என்று அப்படியே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். பங்கேற்றவர்களுக்கு என்ன கண்டோம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எனக்கு அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. 'சராசரி' தவிர அதில் கலைச்சொல் கிடையாது, எழுத்து 18 புள்ளி அளவு. மண்டபத்தில் ஓர் அம்மா எழுந்து நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்து, "ஒன்பது பேர் எண்டு போட்டிருக்கு, அது பத்து. நானும் அழிச்சனான்" என்றார். அறைக்குத் திரும்பி ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவர் அழித்த நேரத்தில் என் கை திரையை மறைத்திருந்தது. கேமராவை மேலிருந்து வையுங்கள்.